நாலாம் மண்டபம்

ராத்கா இரவு ஒன்றரைக்குப் படம் அனுப்பினாள்.
கல்லடியில் கரண்ட் இல்லை.
கணினிக்குள் பாதியில் நின்றது
நாவற்குடாக் கலியாணம் ஒன்று,
மாப்பிள்ளையின் கை தாலியோடு காற்றில்.

போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
ஒரு தெரு.
தகரக் கூரை, முறிந்த மதில்,
சைக்கிள் கடை, இரண்டு தென்னை,
மட்டக்களப்பு என்று எழுத நினைத்த பலகை.
குற்றெல்லாம் இலையான் போல
எழுத்து மாறிக் குந்தியிருந்தது.
"இது சரியா? நாளைக்குப் படப்பிடிப்பு.
எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் நீதான்."

எண்பத்தாறில்
கட்சிக் கந்தோரில் ஒரு தோழர்
என் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதி
சோபியாவுக்கு அனுப்பிவைத்தார்.
ஸ்டூடியோவுக்கு அரசாங்கம் சம்பளம் தந்தது,
முட்டைக்கோவா சூப் தந்தது,
இருட்டறையில் பின்வரிசைக்கு
ஒரு மனிதரையும் தந்தது.
அவர் விரல் தூக்கினால் நான் வெட்டவேண்டும்.
ரொட்டி வரிசையில் ஒரு கிழவர் கொட்டாவி விட்டார்;
விரல் எழும்பியது.
ஒரு செக்கனும் கொஞ்சமும்.
துண்டை ராத்கா சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டாள்.
அவளிடம் அப்படி ஏழு பெட்டி இருந்தது.

மறுகா, விரல் தூக்கியவர் ஒருநாள் வரவில்லை.
கதிரை மட்டும் இருந்தது.
அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம், வைன் குடித்தோம்.
அடுத்த மாதம் சம்பளமும் வரவில்லை.

நான் தொண்ணூறில் ஊருக்குத் திரும்பினேன்.
திரும்பக்கூடாத வருசம்.

மிச்சமெல்லாம் அவள் கடிதத்தில் வந்தது,
சில கடிதம் ஒன்றரை வருசம் பிந்தி.
முதலாம் மண்டபத்தில் குளியலறை மாபிள் விற்கிறார்களாம்.
இரண்டாவதில் புறா.
வெள்ளி எடுக்கவென்று
நெகட்டிவ்களை அண்டாவில் அவித்தார்களாம்,
நாங்கள் இருவரும் ஒட்டியதும் அதற்குள் இருந்திருக்கும்.
நாலாவதை வெளிநாட்டுக் கொம்பனி எடுத்தது.
ரோமாபுரி கட்டினார்கள், இடித்தார்கள்.
ஏதோ ஒரு பாலைவனம் கட்டினார்கள், இடித்தார்கள்.
இப்போது நாங்கள்.

ராத்காவுக்கு வேலை, புதுச்சுவரைப் பழசாக்குவது.
தேயிலைச் சாயம் பூசுவாள்.
துளைப்பானால் சூட்டு ஓட்டை போடுவாள்,
ஓட்டைக்கு அரை லெவா.
"பென்சனைவிட ஓட்டை நல்லது" என்று
சிரிக்கிற முகமொன்று போட்டிருந்தாள்.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன்.
ஓட்டைகள் தலைக்கு மேலே இருந்தன.

எழுதத் தொடங்கினேன்:
ராத்கா, பலகை கிடக்கட்டும்,
ஓட்டைகளைக் கீழே இறக்கு.
எங்கள் மதிலில் அது இடுப்பளவில் இருந்தது,
சில இடத்தில் அதற்கும் கீழே,
குந்தவைத்த ஆளின் உயரத்தில்.
பிறகு சுண்ணாம்பு பூசினோம்.
பூசிய இடம் மட்டும்
மழைக்கு வேறு நிறமாகும்.

வாசித்தேன்.
பின்வரிசையில் ஒருத்தரும் இல்லை.
விரல் தானாக எழும்பியது. வெட்டினேன்.

காகிதமொன்றில் மட்டக்களப்பு என்று
பெரிதாக எழுதி, குற்றை வட்டமிட்டு,
படமெடுத்து அனுப்பினேன்.
நூறு யூரோ வந்தது.
இந்த ஊரின் பெயரை எழுதியதற்கு
எனக்குக் கிடைத்த முதற்காசு.

மூன்றாம் நாள் காணொளி வந்தது.
பலகை எரிகிறது.
எழுத்தெல்லாம் சரி, ஒரு பிழையில்லை.
நெருப்பும் சரியாகத்தான் ஏறுகிறது.
பிழையான பழைய பலகையை
அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச்
சமையலறையில் தட்டாக அடித்திருக்கிறாளாம்,
உப்பும் மிளகுத்தூளும் வைக்க.

காலையில் மாப்பிள்ளையின் அக்கா வந்தா.
"அத்தான் வாற இடமெல்லாம் எடுத்துவிடுங்க.
காணிப் பிரச்சினை. இப்ப கதைபேச்சில்லை."
காசு தாறவ அவதான். எடுத்தேன்.
பதினொரு இடத்தில் அத்தான்,
பத்தை அழித்தேன்.
பந்தியில் குந்தி வடையைப் பிய்த்து
யாரோ பெற்ற பிள்ளைக்குத் தீத்துகிற
அந்தத் துண்டு மட்டும்
வேறொரு பெயரில் என்னிடம் கிடக்கிறது.